இடது காதால் பார்த்த வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் மாடிப் படுக்கையறையில் ஃபோனை எடுத்தாள். அம்மா கீழே கிளினிக்கில், தன் மேசையில், இன்னொரு ஃபோனை இடது காதில் வைத்துக்கொண்டார். நடுவில் பதினேழு படிகள்.

மகளின் மடியில் கணினி. அதில் முப்பது ஒலித்துண்டுகள். ஒவ்வொன்றும் இருபது விநாடி. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் மூச்சு விடுகிறார். பதினைந்து பேருக்கு நெஞ்சில் இழுப்பு உண்டு, பதினைந்து பேருக்கு இல்லை. மருத்துவ மாணவர்களின் பாடத்துக்காகப் பதிவு செய்தவை. மகள் வரிசையைக் கலைத்துப் போட்டிருந்தாள். விடைத்தாள் அவளிடம் மட்டும் இருந்தது. அம்மாவிடம் ஒன்று முதல் முப்பது வரை எண் போட்ட ஒரு வெற்றுத்தாளும் பென்சிலும்.

கேட்டுக்கொண்டது அம்மாதான். அவருக்கு அறுபத்தெட்டு வயது. குடும்ப டாக்டராக நாற்பது வருடம். அதில் முப்பத்தெட்டு வருடம் ஃபோனிலும் மருந்து சொல்லியிருக்கிறார். இரண்டு மாதமாகச் சிலர் பேசும்போது வாக்கியத்தின் வால் பகுதி தனக்கு வந்து சேரவில்லை என்று ஒரு சந்தேகம். சந்தேகத்தை வைத்துக்கொண்டு வைத்தியம் பண்ணுகிற பழக்கம் அவருக்கு இல்லை. காது டாக்டரிடம் போனால் கருவியை மாட்டிவிட்டு, வயசாயிடுச்சு என்று சொல்லி அனுப்புவார். அது அம்மாவுக்கே தெரியும். தெரியவேண்டியது ஒன்றுதான்: ஃபோனில் ஒருவருடைய மூச்சு கெட்டிருந்தால் தனக்கு இன்னும் கேட்கிறதா, இல்லையா?

மகள் ஆலைகளில் ஓடும் இயந்திரங்களின் சத்தத்தை அளப்பவள். எந்த பேரிங் எத்தனை நாளில் உடையும் என்று சத்தத்தை வைத்தே சொல்வது அவளுடைய வேலை. சோதனை தொடங்குமுன் தேர்ச்சி மதிப்பெண்ணை எழுதிவைக்க வேண்டும் என்பது அவளுடைய தொழில் வழக்கம். பின்னால் யாரும் பேரம் பேச முடியாது.

“எத்தனை சரியா இருந்தா பாஸ்?” என்று கேட்டாள்.

“இருபத்தேழு. அதுக்குக் கீழன்னா நான் அந்த ஃபோனைத் தொடக்கூடாது.”

“இருபத்தஞ்சு வெச்சுக்கலாமேம்மா.”

“நீ பேரிங்குக்குச் சலுகை குடுப்பியா?”

மகள் விடைத்தாளின் மேல்மூலையில் இருபத்தேழு என்று எழுதி, வட்டம் போட்டாள். முதல் மூச்சை ஓடவிட்டாள்.

*

ஃபோன் வைத்தியம் தொடங்கியது ஒரு மழையில். அம்மாவுக்கு அப்போது முப்பது வயது. கிளினிக் திறந்து இரண்டு வருடம்தான். கீழே கிளினிக், மேலே வீடு. ஒன்பது நாள் விடாமல் பெய்து, தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. நோயாளிகளால் வர முடியவில்லை. அம்மாவால் போக முடியவில்லை. ஆனால் ஃபோன் கம்பிகள் எப்படியோ பிழைத்திருந்தன. ஒன்பது நாளில் நூற்றுப் பதினோரு அழைப்புகள். முதல் நாள் அம்மா தயங்கித் தயங்கிப் பேசினார். மூன்றாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டார். நேரம், யார், காதில் விழுந்தது என்ன, சொன்ன மருந்து என்ன, தான் எப்போது திரும்பக் கூப்பிட வேண்டும் என்று ஐந்து கட்டங்கள். மழை நின்ற பிறகும் அழைப்புகள் நிற்கவில்லை. நோட்டும் நிற்கவில்லை.

மற்ற டாக்டர்கள் இதை ரேடியோ வைத்தியம் என்று கிண்டல் செய்தார்கள். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்த அப்பா, வீட்டில் ஃபோனை எடுத்தால், “டாக்டர் வீட்டு எடுபிடி பேசறேன்” என்பார். விருந்தினர் யாராவது பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், “ரெண்டு. மூத்தது ஃபோன்” என்று பதில் வரும். அந்த மூத்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துதான் இளைய பிள்ளை வீட்டுப்பாடம் எழுதினாள். அதனால் அம்மாவின் முறை அவளுக்கு மனப்பாடம்.

என்ன செய்கிறது என்று அம்மா முதலில் கேட்கமாட்டார். இப்போ எங்க உக்காந்திருக்கீங்க என்றுதான் கேட்பார். படுக்கையிலிருந்து பேசுகிறவரும் அடுப்படியில் நின்றுகொண்டே பேசுகிறவரும் ஒரே காய்ச்சலைச் சொன்னாலும் அது ஒரே காய்ச்சல் இல்லை. அப்புறம் ஒன்றிலிருந்து முப்பது வரை ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். பாதியில் மூச்சு வாங்கினால் அந்த எண்ணை நோட்டில் குறிப்பார். அப்புறம், வீட்டில் இருக்கும் மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்வார். சிவப்பு மாத்திரை, வட்ட மாத்திரை என்ற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது. கடைசியில், நான் இப்போ என்ன சொன்னேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க என்பார். படித்தவர்களுக்கு இதில் கோபம் வரும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், தன்னை யாரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை என்று சொல்லிப் பார்த்தார். அப்போ இது நல்ல அனுபவம் என்று சொல்லிவிட்டு அம்மா காத்திருந்தார். நீதிபதி திருப்பிச் சொன்னார். இரண்டு இடத்தில் தப்பு.

சிலதற்கு ஃபோனில் மருந்து கிடையாது. கைக்குழந்தைக்குக் கிடையாது. நெஞ்சுவலிக்குக் கிடையாது. தூக்க மாத்திரைக்கு ஒருநாளும் கிடையாது. வயிற்றுவலி என்றால், வயிறு ஃபோன்ல வராது, ஆளை அனுப்புங்க என்று ஒரே வரிதான். முன்பின் கையால் தொட்டுப் பார்க்காத யாருக்கும் காதால் மட்டும் மருந்து சொன்னதில்லை. மூன்று முறை ஃபோனில் பார்த்தவரை நான்காம் முறை நேரில் பார்த்தாக வேண்டும். அவரால் வர முடியாவிட்டால் அம்மா போவார்.

மருந்துக்கடைக்காரரோடு இன்னொரு சடங்கு. அம்மா கூப்பிட்டு, மருந்தின் பெயர், பலம், எண்ணிக்கை மூன்றையும் சொல்வார். அவர் எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். மறுநாள் காலை கையெழுத்துப் போட்ட சீட்டு கடைக்குப் போய்விடும். இருபது வருடம் இப்படிப் போனது. ஒருநாள் கடைக்காரர், “டாக்டரம்மா, என் சம்சாரம்கூட நான் சொன்னதை இப்படித் திருப்பிச் சொன்னதில்ல” என்றார். “அவங்க கேட்டுக்கறதே இல்லன்னு அர்த்தம்” என்றார் அம்மா.

*

அம்மாவுக்குக் கர்வம் என்று ஒன்று இருந்தது என்றால் அது குரல் விஷயத்தில்தான். யாரும் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஹலோ என்று ஆரம்பித்த உடனேயே, உங்க முட்டி எப்படி இருக்கு என்று கேட்டுவிடுவார். அறுநூறு எழுநூறு குரல்கள். பெயர் சொல்ல ஆரம்பித்தவர்களைக்கூட, எனக்குத் தெரியாதா என்று பாதியில் நிறுத்துவார். நோயாளிகளுக்கு அது பெருமை. டாக்டரம்மாவுக்கு என் குரல் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

மூன்று தெரு தள்ளி ஒரு தையல்காரம்மா இருந்தார். ஒற்றைத் தலைவலிக்காரர். அதற்கு அம்மா தினமும் போடும் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். தலைவலி குறைந்ததும் ஆறு மாதத்துக்கு முன் நிறுத்தியாகிவிட்டது. மிச்சப் பட்டை வீட்டில் கிடந்தது. அவருக்குப் பதினேழு வயதில் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. தலைவலிக்கான அந்த மாத்திரை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். இது எந்த டாக்டருக்கும் தெரிந்த விஷயம். அம்மாவுக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்துமா மருந்து எழுதிக்கொடுத்ததே அவர்தான்.

ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. கிளினிக்கில் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். தலைவலி தாங்கவில்லை, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, ஒரு பக்கமாக இடிக்கிறது என்றது குரல். அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எண்ணச் சொன்னார். முப்பதும் ஒரே மூச்சில் வந்தது. பட்டையைக் கொண்டுவந்து எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னார். இப்போது ஒன்று, ராத்திரி ஒன்று என்றார். திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாத்திரை சரி, அளவு சரி, பட்டையில் போட்டிருந்த தேதியும் சரி. ஆள்தான் தப்பு.

பேசியது பெண். பதினேழு வயதில் அவளுடைய குரல் அப்படியே தாயின் குரலாக மாறியிருந்தது. தாயின் தலைவலி அவளுக்கும் அந்த மாதம்தான் முதல்முறையாக வந்திருந்தது.

நோட்டில் திரும்பக் கூப்பிட வேண்டிய நேரம் ஐந்தே முக்கால் என்று இருந்தது. அம்மா ஐந்தே முக்காலுக்குக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஃபோனை எடுத்து, பரவாயில்லை என்று ஒரு சொல் சொன்னார்கள். சொல்லுக்குப் பின்னால் மெல்லிய விசில் ஒன்று நீண்டு போனது. அப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது. கணக்கு நோட்டிலிருந்து அவள் நிமிர்ந்து பார்த்தது அம்மா கேட்ட கேள்விக்காக. அந்தக் கேள்வியை அவர் ஃபோனில் கேட்டு அவள் கேட்டதே இல்லை.

“யார் பேசறது?”

பதில் வந்ததும் அம்மா ஃபோனை மேசையில் போட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்படி வரவேற்பு மேசைக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு, பையையும் மூச்சுக்கு மருந்துப் புகை கொடுக்கும் மெஷினையும் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது பெண்ணால் வாக்கியம் பேச முடிந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அம்மா அந்த வீட்டுக்குப் போனார். மகளையும் கூட்டிப்போனார், ஏன் என்று சொல்லவில்லை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, தப்பு என்னுடையது, பெயர் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றார். தையல்காரம்மா தைப்பதை நிறுத்தவில்லை. பெண்தான் பேசினாள்.

“பேர் சொல்லலாம்னுதான் நினைச்சேன். உங்களுக்குத்தான் எல்லார் குரலும் தெரியுமே, சொன்னா கோவிச்சுக்குவீங்களோன்னு விட்டுட்டேன்.”

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “சாயங்காலம் நீங்க கூப்பிடலேன்னா?” என்று கேட்டார்.

“மூணு நாளா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்து, நடந்ததை நடந்தபடி எழுதி, டாக்டர்களைப் பதிவு செய்யும் மருத்துவக் கவுன்சிலுக்குத் தானே அனுப்பினார். யாரும் புகார் கொடுக்கவில்லை. இவரே இவர்மேல் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினார். அப்பா, இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாமே என்றார். மாட்டினால் பழகிவிடும் என்றார் அம்மா.

அன்றிலிருந்து எந்த அழைப்பானாலும் முதலில் பெயர், பிறந்த தேதி, அப்புறம்தான் மிச்சம். விதிவிலக்கு யாருக்கும் இல்லை. பல வருடம் கழித்து, வேலை கிடைத்துப் போன வெளியூர் விடுதியிலிருந்து மகள் ஒருநாள் தொண்டைவலி என்று கூப்பிட்டாள்.

“பேர்? பிறந்த தேதி?”

“அம்மா, நீதானே என்னைப் பெத்தே?”

“பெக்கறப்போ தேதி பாக்க எனக்கு நேரமில்ல. சொல்லு.”

மகள் சொன்னாள். அதற்கப்புறம் எண்ணவும் செய்தாள். முப்பது வந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, மருந்து ஒண்ணும் வேண்டாம் என்று தீர்ப்பு வந்தது. சரியாக மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்ப அழைப்பு. அப்போதும் பெயர் கேட்டார்.

தையல்காரம்மாவின் பெண்ணுடைய அந்த விசிலை மகளும் மறக்கவில்லை. பொறியியலில் அவள் ஏன் இந்தப் பிரிவை எடுத்தாள் என்று வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேட்டபோது, சத்தத்தில் ஆர்வம் என்று மட்டும் சொன்னாள்.

*

முப்பதாவது மூச்சு முடிந்தது. அம்மா தாளை வாசித்தார்: உண்டு, இல்லை, இல்லை, உண்டு. மகள் மாடியில் விடைத்தாளோடு ஒப்பிட்டுக் குறித்தாள். கீழே வந்து சொல்கிறேன் என்று ஃபோனை வைத்தாள்.

இருபத்தொன்று.

அவள் படிக்கட்டின் மேல்படியில் நின்றாள். எண் மட்டும் இல்லை, தவறுகளின் வகையும் தெளிவாக இருந்தது. மூச்சு நன்றாக இருந்த பதினைந்தையும் அம்மா சரியாகச் சொல்லியிருந்தார். இழுப்பு இருந்த பதினைந்தில் ஒன்பதை இல்லை என்று எழுதியிருந்தார். வீணாக அடித்த மணி ஒன்றுகூட இல்லை. அடிக்க வேண்டிய ஒன்பது அடிக்கவில்லை. எந்த ஆலையில் இப்படி ஓர் உணர்கருவி இருந்தாலும் அன்றைக்கே கழற்றச் சொல்லி எழுதியிருப்பாள்.

ஆனால் இது ஆலை இல்லை. அப்பா போய் ஆறு வருடமாகிறது. அதற்கப்புறம் அம்மாவின் நாள் காலையில் முதல் அழைப்போடு தொடங்கி, கடைசி நோயாளியைத் திரும்பக் கூப்பிடுவதோடு முடிந்தது. அதை எடுத்துவிட்டால் சாயங்காலங்களில் அந்த வீட்டில் என்ன இருக்கும்? விடைத்தாளில் ஆறு இடத்தில் ஒரு கோட்டை மாற்றினால் போதும். கம்பியில் இரைச்சல் என்று சொல்லி இன்னொரு முறை வைக்கலாம். சத்தத்தைக் கூட்டும் கருவி வாங்கித் தருகிறேன் என்று நாளைக் கடத்தலாம். பதினேழு படி இறங்குவதற்குள் மூன்று பொய் தயாராக இருந்தது. மூன்றையும் படியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

“இருபத்தொண்ணு” என்றாள்.

அம்மா கையை நீட்டி விடைத்தாளை வாங்கினார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒன்பதும் ஒரே மாதிரி” என்றார் அம்மா.

“ஆமா. உச்சத்துல இருக்கற சத்தம் உனக்குப் போயிடுச்சு. ஃபோன் அதைப் பாதி வெட்டித்தான் அனுப்பும். மிச்சப் பாதியும் உனக்கு வரல. காதுக்குக் கருவி வெச்சா நேர்ல பேசறதுக்கு நல்லா உதவும். ஃபோன்ல அவ்வளவு உதவாது.”

“வெட்டினதைக் கருவி திருப்பிக் குடுக்காது.”

“குடுக்காது.”

அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். விடைத்தாளை இரண்டாக மடித்தார்.

“நீ கூட்டிச் சொல்லிடுவியோன்னு நினைச்சேன்.”

“நினைச்சேன்” என்றாள் மகளும்.

“தெரியும். மேல்படியிலேயே நின்னுட்டே. காலடிச் சத்தம் எல்லாம் நல்லாத்தான் கேக்குது எனக்கு.” மடித்த தாளைச் சட்டென்று கடித உறைக்குள் போட்டார். “வைத்தியத்தை விடப் போறதில்ல. ஃபோனை விடறேன். நாளைக்கு அந்தத் தம்பியைக் கூப்பிட்டுப் பேசணும். நீ சாப்பிட்டுட்டு வண்டியைப் பிடி.”

அவ்வளவுதான். அம்மா வருத்தப்பட்டாரா என்று கேட்டால் மகளால் அளந்து சொல்ல முடியாது. அன்று மதியம் அவர் இரண்டு முறை சாப்பாடு போட்டுக்கொண்டது மட்டும் தெரியும்.

*

தம்பி என்றது கிளினிக்கில் மூன்று வருடமாக அம்மாவோடு வேலை பார்த்த இளைய டாக்டரை. கெட்டிக்காரர், கை நல்ல கை. ஆனால் ஃபோன் அடித்தால் கழிவறைக்குப் போய்விடுவார் என்று வரவேற்பு மேசையில் ஒரு பேச்சு உண்டு. முகத்தைப் பார்க்காமல் மருந்து சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது மேடம் என்று திங்கட்கிழமை அவர் ஒளிக்காமலே சொன்னார்.

“பயம் இருக்கட்டும் தம்பி. பயம் போன அன்னிக்குத்தான் நான் தப்புப் பண்ணேன்” என்றார் அம்மா.

ஒப்படைப்புக்கு அம்மா ஒரு திட்டம் போட்டார். அடிக்கடி ஃபோனில் மருந்து கேட்பவர்கள், வெளியே வர முடியாதவர்கள் என்று பொறுக்கியெடுத்ததில் பதினான்கு பேர் வந்தார்கள். பதினான்கு வீட்டுக்கும் இருவரும் சேர்ந்து போவது. தம்பி ஒவ்வொருவரையும் கையால் தொட்டுப் பரிசோதிப்பது. அப்புறம் அவர் பக்கத்து அறைக்குப் போய், அதே நோயாளியோடு ஃபோனில் பேசுவது. பார்த்த முகத்தையும் கேட்கும் குரலையும் அன்றைக்கே முடிச்சுப் போட்டுவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு அவற்றை வாசித்துக் காட்டுவார். இப்போது கூப்பிடுவது அம்மா, பேசுவதும் பெரும்பாலும் அம்மா; கேட்கிற வேலை குறைந்ததில் அவருக்கு ஒரு சவுகரியம் இருந்தது போலத்தான் பட்டது.

“பேக்கரிக்காரர். கால் கட்டைவிரல்ல வலின்னா என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்காதே, பொய் சொல்வார். நேத்து யார் வீட்டுக்குப் போனீங்கன்னு கேள்.” இது ஒரு சீட்டு.

“மூணாவது வீட்டுப் பெரியம்மா. நல்லா இருக்கேன்னு சொன்னா உடனே போய்ப் பார். திட்டினா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்.” இது இன்னொன்று.

முதல் வீட்டில் தம்பி பக்கத்து அறையிலிருந்து பேசும்போது, நோயாளியை எண்ணச் சொல்வதற்குப் பதில் தானே எண்ண ஆரம்பித்துவிட்டாராம். அதைச் சொல்லி அம்மா ஃபோனில் சிரித்தார். ஐந்தாம் வீட்டில், படுத்திருந்த ஒரு தாத்தாவின் சளியை, மருந்துப் பட்டையை வாசிக்கச் சொன்ன இரண்டாவது வரியிலேயே தம்பி கண்டுபிடித்தார். தனக்கு அது கேட்கவில்லை என்று அம்மா சேர்த்துச் சொன்னார். அதைச் சொன்னபோது குரலில் குறை எதுவும் இல்லை. கொடுத்துவிட்டுப் போகத் தகுந்த ஆள் கிடைத்துவிட்டார் என்ற நிறைவுதான் இருந்தது. ஒன்பதாம் வீட்டிலிருந்து தம்பிதான் முன்னால் நடந்தார். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதின்மூன்று வீடு முடிந்தது.

பதினான்காவது, பழைய லாரி ஓட்டுநர். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. இதயம் பலவீனம், உடம்பில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். தினமும் காலையில் எடை பார்த்து ஃபோனில் சொல்வார். இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறினால் தண்ணீரை வெளியேற்றும் மாத்திரை ஒன்று கூடும், இறங்கினால் குறையும். நான்கு வருடமாக அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வைத்திருந்தது அந்த ஓர் எண்தான்.

திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அம்மா இதைத்தான் பேசினார். ஐந்து நாளாக அறுபத்தொன்று என்றே சொல்கிறார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் அன்று காலை முப்பது வரை எண்ணச் சொன்னபோது பதினெட்டில் நின்றார் என்று தம்பி வந்து சொன்னார்.

“மெஷின் செத்துப்போச்சும்மா” என்றாள் மகள். “உயிரோட இருக்கற ஆள் எடை அஞ்சு நாள் ஒரே எண்ணுல நிக்காது.”

“அதேதான் நானும் சொன்னேன். மாத்திரையை இன்னிக்கு ஒண்ணு கூட்டியாச்சு. தம்பி சாயங்காலம் போய் நெஞ்சுல ஸ்டெத்தை வெச்சுப் பாத்துட்டு வந்தார், பயமில்ல. நான் புது எடை மெஷின் வாங்கிட்டேன். நாளைக்கு எடுத்துட்டுப் போறோம். அது சரியாக் காட்டுதான்னு எப்படிப் பாக்கறது?”

மகள் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பளத்தில் வைக்கக் கூடாது, வெறும் தரையில் வைக்க வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரை அளந்து, வாளியோடு ஒரு முறை, வெறும் வாளியை ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் பத்துக் கிலோ வந்தால் நம்பலாம். மூன்று முறை வைத்து மூன்றிலும் வர வேண்டும். அம்மா எழுதிக்கொள்ளும் பென்சில் சத்தம் கேட்டது.

“இப்போ நீ சொன்னதை நான் திருப்பிச் சொல்றேன்” என்றார். சொன்னார். ஒரு தப்பும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கைகழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபோது அம்மா விழுந்தார். தம்பி பக்கத்து அறையில்தான் இருந்தார். செய்ய வேண்டியதை எல்லாம் வரிசையாகச் செய்தார். அம்மா பிழைக்கவில்லை. தம்பி செய்ததை மகள் எழுதி வாங்கி, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டாள்; குறை ஒன்றும் இல்லை.

எடை மெஷின் கிளினிக் வாசலுக்குப் பக்கத்தில், குடை வைக்கும் இடத்தில் இருந்தது. அட்டைப் பெட்டி. ஒட்டுப்பட்டை பிரிக்கவில்லை. மேலே அம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: மூணாவது மாடி, செவ்வாய் சாயங்காலம் ஆறு மணி. வெறும் தரை. வாளி அவங்க வீட்டுல இருக்கு, அளவு ஜாடி நாம எடுத்துட்டுப் போகணும். தண்ணி மூணு தடவை. அப்புறம்தான் அவர் ஏறணும்.